பழைய டீசல் படகு: எது எப்போது கைவிடும் என்ற பயம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: நீரோட்டம்34

ஃபைபர் படகு, 9 மீட்டர் நீளம், 1980களில் கட்டியது. உள்ளே மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். கூலன்ட் தனியாகவும் கடல்நீர் தனியாகவும் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை. சாஃப்ட், மூன்று இலை புரொப்பல்லர், 12 வோல்ட் வயரிங், இரண்டு பேட்டரி. கைமாறி வந்த படகு என்பதால் சர்வீஸ் நோட்டு எதுவும் கிடைக்கவில்லை. சர்வேயர் உடல்பகுதியை நன்றாகப் பார்த்திருக்கிறார். எஞ்சினைப் பற்றி மட்டும் "ஓடுகிறது, கசிவு இல்லை" என்று ஒரே வரி.

இம்பெல்லர் (கடல்நீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்), ஹோஸ், பெல்ட், செல்ஃப் மோட்டார், டேங்க், கேபிள் என்று எதைப் பார்த்தாலும் பழசாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கட்டுப்படியாகாது. எதையும் தொடாமல் ஓட்டினால் காது முழுக்க எஞ்சின் சத்தத்திலேயே இருக்கிறது. சத்தம் லேசாக மாறினாலே வயிற்றைக் கலக்குகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எந்த உதிரி கட்டாயம் படகில் இருக்க வேண்டும்? நடுவழியில் நின்றால் என்ன செய்வது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சீகாக்

பழசு என்பதற்காக மட்டும் ஒரு பாகத்தை முதலில் மாற்ற வேண்டியதில்லை. அது போனால் என்ன ஆகும் என்று பார்த்து வரிசை போடுங்கள். எஞ்சின் நின்றால் படகு மிதந்துகொண்டுதான் இருக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஹோஸ் கழன்றால் அந்த நேரம் கிடைக்காது. பழைய படகு வாங்கியவர்கள் எஞ்சினையே சுற்றிச்சுற்றி வருவதற்குக் காரணம் அது சத்தம் போடுகிறது என்பதுதான். கழிப்பறை ஹோஸ் சத்தமே போடாது.

கணக்கைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. துளை ஒன்று முழுதாகத் திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். 38 மி.மீ. துளை என்றால் 140 லிட்டர் வரை போகும். பில்ஜ் பம்பின் (படகின் அடியில் சேரும் நீரை வெளியே இறைக்கும் பம்ப்) மேல் மணிக்கு 2000 லிட்டர் என்று போட்டிருந்தால் அது நிமிடத்துக்கு 33 லிட்டர்தான். அதுவும் மேலே தூக்காமல், நீள ஹோஸ் இல்லாமல், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது. பொருத்திய பிறகு பாதி கிடைத்தாலே அதிகம். அதனால் பம்பை நம்பி ஹோஸை விட்டுவிடாதீர்கள்.

படகின் அடியில் உள்ள ஒவ்வொரு சீகாக்கையும் (உடல்பகுதித் துளையைத் திறந்து மூடும் வால்வு) கண்டுபிடித்து, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போனதைத் தண்ணீரில் இருக்கும்போது குழாய் மாட்டி நெம்பாதீர்கள்; அடித்தண்டு உடைந்தால் அதுவே பெரிய ஓட்டையாகிவிடும். படகைக் கரையேற்றும்போது பார்க்கலாம். வெண்கலமாக இருந்தால் நல்லது. சாதாரணப் பித்தளையாக இருந்து, சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் அரித்துப்போய் வெறும் சல்லடைச் செம்பு நிற்கிறது என்று பொருள். அதைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு ஹோஸ் முனையிலும், குழாயின் நீளம் இடம் கொடுத்தால், இரண்டு கிளிப் இருக்கட்டும். மேலே பளபளவென்று இருக்கும் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தித் திருகுக்கு அடியில் பாருங்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சீகாக்குக்கும் அளவான கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிறு போட்டு அங்கேயே கட்டிவிடுங்கள். டூல்பாக்ஸுக்குள் போட்டால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

அடுத்தது சாஃப்ட் வெளியே போகும் இடம். கயிறு பேக்கிங் வைத்த கிளாண்டாக (சாஃப்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) இருந்தால் சாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு 2, 3 சொட்டு விழுவது சரி. ஒரு சொட்டுகூட விழாமல் கிளாண்ட் கை வைக்க முடியாதபடி சுட்டால் இறுக்கம் அதிகம், சாஃப்ட் தேயும். நட்டை இறுக்க இடமே மிச்சமில்லை என்றால் பேக்கிங் தீர்ந்துவிட்டது. மாற்றும்போது பழைய வளையங்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். வெட்டுமுனைகள் ஒரே நேர்கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித்தள்ளி இருக்கட்டும். பல பழைய படகுகளில் கிளாண்டையும் ஸ்டெர்ன் குழாயையும் (சாஃப்ட் வெளியே போகும் குழாய்) இணைப்பது ஒரு தடித்த ரப்பர் ஹோஸ்தான். பேக்கிங்கை மாற்றுபவர்களும் அந்த ரப்பரைப் பார்ப்பதில்லை. விரலால் அழுத்தி, கண்ணாடி வைத்து அடிப்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் கடல்நீர் ஹோஸில் வளைந்து மேலே ஏறி இறங்கும் இடத்தில் ஒரு சின்ன ஆன்டி-சைஃபன் வால்வு இருக்கும். உப்பு படிந்து அது அடைத்துக்கொண்டால், எஞ்சினை நிறுத்திய பிறகு கடல்நீர் தானாகவே உறிஞ்சிக்கொண்டு வந்து எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். வருடம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

பதில் 2: டேங்க்அடி

மேலே சொன்னது சரியான வரிசை. எஞ்சின் நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சின் கடலில் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டீசலைத்தான், எஞ்சினை அல்ல.

கரையில் ஒரு குறையும் தெரியாது. அலையில் படகு ஆடும்போதுதான் டேங்க் அடியில் வருடக்கணக்கில் கிடக்கும் தண்ணீரும் கறுப்புச் சளியும் கலங்கி ஃபில்டருக்கு வரும். அதாவது நிற்கவே கூடாத நேரத்தில்தான் நிற்கும். ஒரு கைப்பம்பும் மெல்லிய குழாயும் எடுத்து, டேங்கின் மிகத் தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு லிட்டர் உறிஞ்சிக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தெளிவான கோடு போட்டுத் தண்ணீர் நின்றாலோ, இடையில் கறுப்பாக நூல்நூலாக மிதந்தாலோ மருந்து ஊற்றி மட்டும் தீராது. டேங்கைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும்; செத்தது அப்படியே ஃபில்டருக்குத்தான் வரும்.

டேங்கைத் திறந்தால் உறிஞ்சுகுழாயின் நுனியைப் பாருங்கள். பழைய டேங்க்குகள் சிலவற்றில் அங்கே ஒரு நுண்வலை இருக்கும். அது அடைத்தால் வரும் அறிகுறி தனி ரகம்: அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு வாங்கி நிற்கும், பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று முன்னால் இருக்கும்போது அந்த வலை தேவையே இல்லை, எடுத்துவிடலாம்.

சந்தேகம் டேங்க் பக்கமா எஞ்சின் பக்கமா என்று தெரிய எளிய வழி: சுத்தமான 10 லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) போகும் ஹோஸை நேராக அதில் விடுங்கள். மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விட மறக்காதீர்கள். துறையில் கட்டிப்போட்டே, கியர் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். குறை மறைந்தால் டேங்க், ஹோஸ், முதல் ஃபில்டர் இவற்றில் ஒன்றுதான். உறிஞ்சும் பக்கத்தில் வெடித்த ஹோஸ் டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் சொட்டு இல்லை என்பதை வைத்து அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் முறையைக் கரையிலேயே கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். செகண்டரி ஃபில்டர் (எஞ்சின் மேலுள்ள இரண்டாவது டீசல் ஃபில்டர்) தலையில் உள்ள ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் சின்ன லீவரைக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்று முழு டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்குரூ. லீவர் தொளதொளவென்று அழுத்தமே இல்லாமல் இருந்தால் கேம் மேட்டில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் சரியாகும். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்ஜெக்டர் தலையில் உள்ள நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் விட்டுவிட்டுத் துப்பியதும் இறுக்குங்கள். துப்பும் இடத்தில் விரலை வைக்க வேண்டாம், அந்த அழுத்தம் தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் பிடிக்காமல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கும்போது கடல்நீர் பம்பும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் வேகம் கிடையாது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறிச் சிலிண்டரில் இறங்கும். ஃபில்டர் அடைப்பு எஞ்சின் ஓவர்ஹாலாக முடிவது இப்படித்தான். 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால் கடல்நீர் சீகாக்கை மூடுங்கள்; பிடித்த அடுத்த விநாடியே திறந்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் சாவியில் ஒரு சிவப்பு ரிப்பன் தொங்கவிட்டால் திறக்க மறக்காது.

ஆயில் டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள். குறைவதைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், ஏறுவதுதான் மோசம். ஏறி, தண்ணியாக டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பதில் 3: ஒண்ணொண்ணா

நண்பரே, ஒண்ணு மட்டும் சொல்றேன். பயத்துல எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்திடாதீங்க. புதுசா கை வெச்ச இடம்தான் முதல்ல கைவிடும். கிளிப் சரியா இறுகியிருக்காது, கேஸ்கெட் மடங்கியிருக்கும், ஓ-ரிங் உட்காராம இருக்கும். பத்து இடத்துல கை வெச்சா எதனால வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது. ஒரு வேலை, அப்புறம் கட்டிப்போட்டு கியர்ல ஒரு மணி நேரம், ஆறினதும் எல்லா நட்டையும் மறுபடி பாருங்க. அதுக்கப்புறம் அடுத்த வேலை.

இம்பெல்லர் விதிவிலக்கு. வரலாறு தெரியாத படகுல அதை உடனே மாத்துங்க. பழசை எடுக்கும்போது இறக்கையை எண்ணுங்க. ஒண்ணு குறைஞ்சா அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாசல்ல போய் உட்கார்ந்திருக்கும், தேடி எடுக்கணும். பம்ப் மூடியோட உள்பக்கம் வட்டமா கோடு விழுந்திருந்தா பம்ப் சரியா உறிஞ்சாது. ரெண்டு பக்கமும் தட்டையா உள்ள மூடின்னா திருப்பிப் போட்டு ஓட்டலாம். புது இம்பெல்லருக்கு கிளிசரின் தடவுங்க, பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதும்.

படகுல இருக்க வேண்டியது: இம்பெல்லர் 2 கேஸ்கெட்டோட, பெல்ட் 1, ரெண்டு வகை ஃபில்டரும் மும்மூணு, ஏர் ஸ்குரூவுக்கு செம்பு வாஷர், ஒரு ஆயில் சேஞ்சுக்கு ஆயில், கூலன்ட் 5 லிட்டர், ஹோஸ் கிளிப் பல அளவுல ஒரு டஜன், தானே ஒட்டிக்கிற சிலிகான் டேப், ஃபியூஸ், மல்டிமீட்டர். உதிரி இருந்தா மட்டும் போதாது, அதை மாத்துற ஸ்பேனர் அதே பைல இருக்கணும். உதிரி பெல்ட்டை ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டு வைங்க. நம்பர் சரின்னு வாங்கின பெல்ட் நீளம் ஒத்து வராம போறது சாதாரணம்.

நடுவழியில நின்னா முதல் வேலை எஞ்சின் மூடியைத் திறக்குறது இல்லை. எங்க அடிச்சுட்டுப் போறோம்னு பாக்கணும். காத்து தள்ளி படகு ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துல நகர்ந்தா அரை மணி நேரத்துல 900 மீட்டர் போயிடும். ஃபில்டர் மாத்தி ஏர் எடுக்க அந்த அரை மணி நேரம் ஆகும். அதனால காத்து கரையைப் பார்த்து அடிக்கிற நாள்ல கரையை விட்டு ஒரு கடல் மைலாவது தள்ளியே ஓட்டுங்க. நங்கூரம் உடனே போடற மாதிரி அணியத்துல தயாரா இருக்கட்டும். ஆழத்தைப்போல 5 மடங்கு கயிறு, காத்து பலமா இருந்தா 7. நங்கூரம் பிடிச்ச பிறகு எஞ்சினைப் பார்க்கலாம். ரிப்பேர் ஆகுமான்னு சந்தேகமா இருந்தா வி.எச்.எஃப். ரேடியோவுல அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல்ல சீக்கிரமே சொல்லிடுங்க, பாறைக்கிட்ட போன பிறகு இல்லை.

பதில் 4: எர்த்கேபிள்

மின்சாரப் பக்கம் யாரும் பேசவில்லை. பேட்டரி, செல்ஃப் இரண்டையும் மாற்றுவதற்கு முன் இந்த அளவுகளை எடுத்துப் போடுங்கள். எஞ்சின் நிறுத்தும் லீவரைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் மட்டும் சுற்றும்படி 5 விநாடி அடிக்கச் சொல்லி, அப்போது: பேட்டரி முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட், பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஸ்டட்டுக்கும் நடுவே எத்தனை, பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துக்கும் நடுவே எத்தனை. பிறகு எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஸ்டட்டிலும் பேட்டரியிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் நிலைக்குத் திருப்ப வேண்டாம், ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும்.

நீரோட்டம்34

எல்லோருக்கும் நன்றி. அளந்த விவரம்: ஓய்வில் பேட்டரி 12.7. செல்ஃப் அடிக்கும்போது 10.6. பிளஸ் பக்கம் 0.4, மைனஸ் பக்கம் 1.1. ஓடும்போது ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.5. நடுவே அலுமினிய மடிப்புகளோடு ஒரு பெட்டி இருக்கிறது.

இன்னொரு விஷயம். 2200 ஆர்.பி.எம். வரை கூலன்ட் 82 டிகிரியில் நிற்கிறது. அதற்கு மேல் 94 வரை ஏறுகிறது, கரும்புகை வருகிறது. மேனுவலில் அதிகபட்சம் 3400 என்று இருக்கிறது, ஆனால் 2700ஐத் தாண்டவில்லை. இம்பெல்லர் மாற்றியாகிவிட்டது, இறக்கை எல்லாம் முழுதாக இருந்தது.

எர்த்கேபிள்

பேட்டரி நன்றாக இருக்கிறது, வாங்காதீர்கள். 10.6ல் 1.5 வோல்ட் வழியிலேயே போகிறது, செல்ஃபுக்குக் கிடைப்பது 9.1தான். மைனஸ் பக்கம் 0.3க்கு மேல் போகக்கூடாது, உங்களுக்கு 1.1. எஞ்சினில் எர்த் கேபிள் மாட்டிய போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் கேபிளின் லக்குக்குப் பக்கத்தில் உறையைக் கீறுங்கள். செம்பு கறுத்திருந்தால் கேபிளே போய்விட்டது. ஈயம் பூசிய செம்புக் கேபிள் போட்டு, லக்கைக் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

அந்தப் பெட்டி டயோடு வகை பேட்டரி பிரிப்பான். 0.7 வோல்ட்டை விழுங்குவது அதன் இயல்பு, பழுது இல்லை. ஆனால் 13.5ல் பேட்டரி முழுதாக நிரம்ப நெடுநேரம் ஆகும், சின்னப் பயணங்களில் நிரம்பவே நிரம்பாது. அதை எடுத்துவிட்டு வோல்டேஜ் பார்த்துத் தானாக இணைக்கும் ரிலே வைத்தால் தீர்ந்தது. அவசரம் இல்லை, எர்த் கேபிளை முதலில் பாருங்கள்.

டேங்க்அடி

சூடு, கரும்புகை, ஆர்.பி.எம். ஏறாதது மூன்றும் சேர்ந்து வந்தால் எஞ்சின் தன் சக்திக்கு மீறிச் சுமக்கிறது, அல்லது மூச்சு விட முடியவில்லை. முதலில் நியூட்ரலில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் 3400 வரவில்லை என்றால் த்ராட்டில் கேபிள் லீவரைக் கடைசிவரை இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏர் ஃபில்டர். நியூட்ரலில் வந்து கியரில் வரவில்லை என்றால் இரண்டு சந்தேகம்: புரொப்பல்லரும் அடிப்பகுதியும், இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் எல்போ.

நின்றுகொண்டிருந்த படகில் புரொப்பல்லர் இலைகளில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) கொஞ்சம் ஒட்டியிருந்தாலே 500, 600 ஆர்.பி.எம். குறையும். அதைச் சுரண்டி எடுப்பது எளிது என்பதால் முதலில் அது.

தீரவில்லை என்றால் எல்போ. கடல்நீரும் சூடான புகையும் சந்திக்கும் அந்த வளைவில் கரியும் உப்பும் சேர்ந்து, 50 மி.மீ. வழி சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சுருங்கிவிடும். ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்தால் பாதி தெரியும், மீதிக்கு எல்போவையே கழற்ற வேண்டும். புதுக் கேஸ்கெட் கையில் வந்த பிறகு கழற்றுங்கள். போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு வையுங்கள். வார்ப்பிரும்பில் முறிந்த போல்ட்டை எடுப்பது எல்போவைச் சுத்தம் செய்வதைவிடப் பெரிய வேலை. கழற்றியதும் வெளிப்பக்க வளைவைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மொத்தையாகச் சத்தம் வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ சுவர் மெலிந்துவிட்டது. கரியைச் சுரண்டி மறுபடி மாட்டாமல் புதியதே போடுங்கள். எல்போவில் தடை இல்லை என்றால் அடுத்தது ஹீட் எக்ஸ்சேஞ்சர்: இரு பக்க மூடியையும் கழற்றி, குழாய்களில் மரக்குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். துத்தநாக ஆனோடு (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரையும் துண்டு) பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். பழைய ஆனோடிலிருந்து உதிர்ந்த துண்டுகள் அடியில் கிடக்கும், அவற்றையும் வழித்து எடுத்துவிட்டு மூடுங்கள்.